முதியோருக்குத் தியானம்: எதற்கு உதவும், எதற்கு உதவாது?

"இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அதன் பிறகு விடியும்வரை புரண்டுகொண்டே கிடக்கிறேன், டாக்டர்." ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் புறநோயாளியாக வரும் முதியோர் அடிக்கடி சொல்லும் குறை இது. இதைச் சொல்பவர்களில் பலர் உறக்க மாத்திரை கேட்கின்றனர். சிலர், "தியானம் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?" என்று வினவுகின்றனர்.

தியானம் முதியோருக்கு நன்மை தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால், எந்தக் குறைக்கு எந்த அளவு நன்மை தரும் என்பதை அறிந்து செய்தால்தான் அந்த நன்மை முழுமையாகக் கிடைக்கும். அறியாமல் செய்தால் தீங்கும் நேரலாம். அறுபது வயதைக் கடந்தவர்களும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாரும் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இவ்வட்டார முதியோரின் நிலை

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 10.4 விழுக்காட்டினர், அகில இந்திய அளவில் இது 8.6 விழுக்காடு. முதியோர் மிகுந்த மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று.

ஓசூரின் முதியோருக்குத் தனித்த ஒரு வாழ்க்கைப் பின்னணி உண்டு. 1970-களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை அமைக்கப்பட்டது. 1980-களில் கனரக வாகனம், மொபெட், கைக்கடிகாரம் ஆகியவற்றின் பெரிய தொழிற்சாலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகளும் பெருகின. அன்று இருபது, இருபத்திரண்டு வயதில் வேலையில் சேர்ந்த இளைஞர்கள் இன்று பணி ஓய்வு பெற்ற முதியவர்கள். அவர்களுள் பலர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மாலை ஷிஃப்ட், ஒரு வாரம் இரவு ஷிஃப்ட் என்று மாறி மாறி உழைத்தவர்கள். கணவரின் ஷிஃப்டுக்கு ஏற்பச் சமைத்தும் கதவு திறந்தும் பாதி உறக்கத்தில் வாழ்ந்த மனைவியரையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும்.

நம் மூளையில் உறக்கத்தையும் விழிப்பையும் முறைப்படுத்தும் ஓர் உடல் கடிகாரம் உள்ளது. பகல் வெளிச்சமும் இரவின் இருளும் அதற்குச் சாவி கொடுக்கின்றன. நெடுங்காலம் இரவுப் பணி செய்தோரிடம் அக்கடிகாரத்தின் ஒழுங்கு குலைகிறது. பணி ஓய்வுக்குப் பின்னும் உறக்கக் குறை தொடர்வதுண்டு. வயது ஏற ஏற ஆழ்ந்த உறக்கத்தின் அளவு இயல்பாகவே குறைவதால் இவ்விரண்டும் சேர்ந்து முதியவரை வாட்டுகின்றன.

அடுத்தது தனிமை. பிள்ளைகள் அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பெங்களூருக்குப் பணிக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். அடுக்குமாடிக் குடியிருப்பில் பேச்சுத்துணை இல்லாமல் பகல் முழுவதும் தனித்திருக்கும் தாய் தந்தையர் பலர். தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களில் பிள்ளைகள் நகரத்துக்குப் பெயர்ந்துவிட, முதிய தம்பதியர் மட்டும் வீட்டையும் ஆடு மாடுகளையும் காத்து நிற்கின்றனர். உறக்கமின்மையும் தனிமையும் ஒன்றையொன்று வளர்ப்பவை. தியானம் பயன்தரக்கூடிய இடம் இங்கேதான் தொடங்குகிறது.

தியானம் என்றால் என்ன?

மனத்தை ஒரு பொருளின்மீது நிறுத்தி, அது விலகும்போது மீண்டும் அப்பொருளுக்கே திருப்பிக்கொண்டுவரும் பயிற்சியே தியானம். அப்பொருள் மூச்சாக இருக்கலாம். ஒரு சொல்லாகவோ ஒலியாகவோ இருக்கலாம். உடலில் தோன்றும் உணர்வாகவும் இருக்கலாம்.

"எண்ணமே இல்லாமல் இருப்பதுதான் தியானம்" என்று பலர் கருதி, "என்னால் முடியவில்லை" என்று இரண்டாம் நாளே விட்டுவிடுகின்றனர். எண்ணம் எழுவது மூளையின் இயல்பு. அதை யாராலும் முழுதாக நிறுத்த இயலாது. மனம் ஓடியதை அறிந்து திரும்பி வருவதே பயிற்சி. பத்து நிமிடத்தில் ஐம்பது முறை மனம் ஓடி ஐம்பது முறை திரும்பினால், நீங்கள் ஐம்பது முறை பயிற்சி செய்துள்ளீர்கள் என்று பொருள்.

தியானம் எந்த ஒரு சமயத்துக்கும் உரியதன்று. ஜபமாலை உருட்டுவோர், தஸ்பீஹ் மணி எண்ணுவோர், ஜெபமாலை சொல்வோர் ஆகிய அனைவரும் தத்தம் வழியில் மனத்தை ஒருமுகப்படுத்தியே வருகின்றனர். இறை நம்பிக்கை இல்லாதவரும் மூச்சைக் கவனித்துத் தியானம் செய்யலாம்.

உடலில் என்ன நிகழ்கிறது?

நம் விருப்பமின்றியே இயங்கும் தன்னியக்க நரம்பு மண்டலம் இரு பிரிவுகளைக் கொண்டது. ஆபத்து நேரத்தில் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தி உடலை ஓடவோ போராடவோ ஆயத்தப்படுத்துவது பரிவு நரம்பு மண்டலம். ஓய்வின்போது துடிப்பைக் குறைத்துச் செரிமானத்தையும் உறக்கத்தையும் ஊக்குவிப்பது எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம்.

தீராத கவலையில் இருப்பவருக்கு முதல் பிரிவு அடங்காமல் விழித்திருக்கிறது. படுக்கையில் படுத்த பின்னும் உடல், வேலைக்குப் புறப்படும் நிலையிலேயே இருக்கிறது. மூச்சை மெதுவாக, குறிப்பாக வெளிமூச்சைச் சற்று நீட்டி விடும்போது வேகஸ் நரம்பின் வழியே இரண்டாம் பிரிவு வலுப்பெற்று இதயத் துடிப்பு தணிகிறது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மணிக்கட்டில் நாடியைத் தொட்டபடி மெதுவாக மூச்சை வெளிவிட்டால், நாடி சற்று நிதானமடைவதைப் பலர் உணர்வர்.

ஆய்வுகள் கூறுவன

உறக்கம்: ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையில், பெங்களூர் நகருக்குள் அமைந்துள்ளது தேசிய மனநல மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸ். அந்நிறுவன ஆய்வாளர்கள் முதியோர் இல்லங்களில் வசித்த 120 பேரை இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வின் முடிவு 2013-இல் வெளியானது. 62 பேருக்கு எளிய ஆசனம், மூச்சுப் பயிற்சி, தியானம் ஆகியவை அடங்கிய யோகப் பயிற்சி அளிக்கப்பட்டது. மற்ற 58 பேர் காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டனர். ஆறு மாத முடிவில், பயிற்சி பெற்றோரின் உறக்கமும் வாழ்க்கைத் தரமும் மற்றவரைவிட மேம்பட்டிருந்தன. இதில் தியானத்தின் பங்கு எவ்வளவு, ஆசனத்தின் பங்கு எவ்வளவு, ஒருவர் வந்து அன்போடு கற்றுக்கொடுத்ததன் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே பிரிக்க இயலாது. எனினும், நம் நாட்டு முதியோரால் இதைக் கற்றுக்கொள்ள முடியும், அதனால் பயனும் உண்டு என்பதற்கு இது சான்று.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உறக்கக் குறை உடைய, சராசரி வயது 66 உள்ள 49 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2015-இல் வெளியானது. ஒரு குழுவினருக்கு ஆறு வாரம் தியானமும் மறு குழுவினருக்கு அதே காலம் உறக்க ஒழுக்கம் பற்றிய பாடமும் கற்பிக்கப்பட்டன. தியானக் குழுவினரின் உறக்கம் மற்றவரைவிடக் கூடுதலாக மேம்பட்டது. பகல் சோர்வும் குறைந்தது. வீட்டில் அவர்கள் நாள்தோறும் ஐந்து நிமிடத்தில் தொடங்கி இருபது நிமிடம்வரை படிப்படியாக உயர்த்திச் செய்தனர் என்பது நாம் பின்பற்றத்தக்க செய்தி.

பதற்றமும் மனச்சோர்வும்: 47 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 3,515 பேரையும் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2014-இல் வெளியானது. அனைத்து வயதினரையும் உள்ளடக்கிய அத்தொகுப்பு, தியானத்தால் பதற்றம், மனச்சோர்வு, உடல்வலி ஆகியன சிறிதளவு முதல் நடுத்தர அளவுவரை குறைவதைக் காட்டியது. மருந்தையோ உடற்பயிற்சியையோ விடத் தியானம் மேலானது என்பதற்கு அதில் சான்று இல்லை.

தனிமை உணர்வு: 55 முதல் 85 வயதுவரை உள்ள 40 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2012-இல் வெளியானது. எட்டு வார தியானப் பயிற்சிக்குப் பின் அவர்களின் தனிமை உணர்வு குறைந்திருந்தது. ஆய்வு சிறியது என்பதால் இதை இறுதி முடிவாகக் கொள்ள இயலாது. ஆயினும், குழுவாக அமர்ந்து செய்யும்போது மனிதத் துணையும் கூடவே கிடைக்கிறது என்பது நாம் கண்கூடாகக் காண்பது.

முதுகுவலி: 65 வயதைக் கடந்த, நாட்பட்ட இடுப்புவலி உடைய 282 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2016-இல் வெளியானது. எட்டு வார முடிவில் அவர்களின் அன்றாட இயக்கம் மேம்பட்டது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அம்மேம்பாடு நிலைக்கவில்லை. பயிற்சி தொடர வேண்டும் என்பதையே இது நினைவூட்டுகிறது.

இரத்த அழுத்தம்: தியானம் இரத்த அழுத்தத்தைச் சிறிதளவு குறைக்கக்கூடும். அமெரிக்க இதயச் சங்கம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, வழக்கமான சிகிச்சையுடன் கூடுதலாகத் தியானத்தையும் மேற்கொள்ளலாம் என்ற அளவிலேயே பரிந்துரைத்தது. சிகிச்சைக்கு மாற்றாக அது கூறவில்லை.

நினைவாற்றல்: இங்கே எச்சரிக்கை தேவை. தியானம் மறதி நோயைத் தடுக்கும், மூளையைப் பெருக்கும் என்னும் செய்திகள் கைப்பேசி வழியே பரவுகின்றன. நினைவு மங்குகிறதோ என்று கவலைகொண்ட 65 முதல் 84 வயதுவரை உள்ள 585 பேரிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வு 2022-இல் வெளியானது. ஆறு மாத தியானப் பயிற்சியால் அவர்களின் நினைவாற்றல் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. பிரான்சில் 137 முதியோரிடம் 18 மாதம் நடத்தப்பட்டு அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்விலும், மூளையில் அளந்து பார்த்த பகுதிகளின் பருமன் கூடவில்லை. ஆனால், புதிய மொழி கற்ற குழுவைவிடத் தியானக் குழுவினர் கவனத்தை ஒழுங்குபடுத்துவதிலும் பிறரோடு உணர்வுவழி ஒன்றுவதிலும் தம்மை அறிவதிலும் மேம்பட்டிருந்தனர்.

எனவே, நல்ல உறக்கத்துக்கும் மன அமைதிக்கும் தியானம் செய்யுங்கள். மறதி கவலை அளித்தால் மருத்துவரிடம் வாருங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு ஆகியவையும் மறதியை உண்டாக்கும்; இவற்றைக் கண்டறிந்தால் சிகிச்சையும் உண்டு.

செய்யும் முறை

தரையில் சம்மணமிட்டு அமர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூட்டுவலி உள்ளவர்களும் நீரிழிவால் பாதத்தில் மரத்துப்போதல் உள்ளவர்களும் நாற்காலியில் அமர்வதே நன்று.

1. கைப்பிடி உள்ள, அசையாத நாற்காலியில் அமருங்கள். முதுகு நேராக இருக்கட்டும், விறைப்பு வேண்டாம். இரு பாதங்களும் தரையில் படியட்டும். மார்கழி, தை மாதங்களில் இங்கே தரை மிகவும் குளிரும். காலடியில் சாக்கோ பாயோ விரித்துக்கொள்ளுங்கள்.

2. ஒரு கையை வயிற்றின்மீது வையுங்கள். கண்களை மூடலாம்; மூடினால் தலைசுற்றுவது போல் இருந்தால் எதிரே தரையில் ஒரு புள்ளியைப் பார்த்திருங்கள்.

3. மூக்கின் வழியே இயல்பாக மூச்சை உள்ளிழுங்கள். வெளிவிடும்போது சற்று மெதுவாக விடுங்கள். மூச்சை அடக்கி நிறுத்த வேண்டாம்.

4. ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஓர் எண் வீதம் ஒன்றிலிருந்து பத்துவரை மனத்துக்குள் எண்ணுங்கள். பின்பு மீண்டும் ஒன்று. இவ்வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசுவோர் பலர். காசு எண்ணும்போது உங்கள் நாவில் எந்த மொழி வருமோ, அந்த மொழியிலேயே எண்ணுங்கள்.

5. மனம் பிள்ளையின் கடன், பேத்தியின் திருமணம், நேற்றைய மனத்தாங்கல் என்று ஓடும். ஓடியதை அறிந்தவுடன் உங்களைக் கடிந்துகொள்ளாமல் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

6. நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சலையோ ஆலைச் சங்கின் ஒலியையோ பகையாக எண்ண வேண்டாம். "ஓர் ஒலி வந்தது, போயிற்று" என்று அறிந்து மூச்சுக்குத் திரும்புங்கள்.

7. முடித்தவுடன் எழுந்துவிடாதீர்கள். கண்களைத் திறந்து, கை கால் விரல்களை அசைத்து, ஒரு நிமிடம் அமர்ந்திருந்து, நாற்காலியின் கைப்பிடியைப் பற்றி மெதுவாக எழுங்கள்.

முதல் வாரம் நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். இரண்டாம் வாரம் பத்து நிமிடம். பின்பு இயன்றால் பதினைந்து, இருபது நிமிடம். என்றாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் அமர்வதைவிட நாள்தோறும் பத்து நிமிடம் அமர்வதே பயன்தரும். காலையில் பல் துலக்கிய பின், மாலையில் விளக்கேற்றிய பின் என்று ஏற்கெனவே உள்ள ஒரு பழக்கத்தோடு இணைத்துக்கொண்டால் மறக்காது.

நள்ளிரவில் விழிப்பு வந்தால், படுத்தபடியே உடலைக் கவனிக்கும் தியானம் செய்யலாம். பாதத்தில் தொடங்கி, கணுக்கால், முழங்கால், தொடை, வயிறு, மார்பு, தோள், முகம் என்று கவனத்தை மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். ஒவ்வோர் உறுப்பையும் வெளிமூச்சோடு தளர விடுங்கள். உறங்கியே ஆக வேண்டும் என்று முயல வேண்டாம்; அம்முயற்சியே உறக்கத்தைத் துரத்தும்.

காது கேளாதவர் மூச்சின் தொடுகையைக் கவனித்துச் செய்யலாம். அமர்ந்திருக்க இயலாதவர் மெதுவாக நடந்தபடி, ஒவ்வோர் அடியும் தரையில் படிவதைக் கவனிக்கலாம். ஊன்றுகோல் பயன்படுத்துவோர் அதை விடாமல் செய்ய வேண்டும்.

உறக்கத்துக்குத் தியானம் மட்டும் போதுமா?

போதாது. மாலை நான்கு மணிக்குப் பின் தேநீர், காபி தவிர்க்க வேண்டும். தொழிற்சாலைப் பழக்கத்தால் நாளுக்கு ஆறு, ஏழு தேநீர் அருந்துவோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பகல் உறக்கம் அரை மணி நேரத்தை மிஞ்சக் கூடாது. காலையில் அரை மணி நேரமாவது வெளிச்சத்தில் நடப்பது உடல் கடிகாரத்தைச் சீராக்கும்.

விழிப்புக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவோருக்கு நீரிழிவோ, ஆண்களாயின் புராஸ்டேட் சுரப்பி வீக்கமோ இருக்கக்கூடும். உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நிற்பதும் தனி நோயின் அறிகுறிகள். படுத்தால் மூச்சுத் திணறுவது இதயக் கோளாற்றின் அறிகுறியாகலாம். இவற்றைத் தியானம் தீர்க்காது, பரிசோதனை தேவை.

மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. இதை ஓர் அனுபவத்தின் வழியே சொல்ல விரும்புகிறேன். தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் இரத்த அழுத்தத்துக்கு என்னிடம் மருந்து பெற்றுவந்தார். நாள்தோறும் விடியற்காலையில் தியானம் செய்வதாகவும் உறக்கம் நன்றாக வருவதாகவும் ஒருமுறை மகிழ்ச்சியோடு கூறினார். நானும் பாராட்டினேன். மாத்திரையைத் தவறாமல் உட்கொள்கிறாரா என்று அன்று நான் கேட்கவில்லை. சில மாதங்களுக்குப் பின் வலக்கையும் வலக்காலும் செயலிழந்து, வாய் கோணிய நிலையில் அவரை அழைத்துவந்தனர். மனம் அமைதியடைந்ததால் அழுத்தமும் நீங்கிவிட்டது என்று கருதி மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். உயிர் பிழைத்தார்; இன்று ஊன்றுகோலுடன் நடக்கிறார். தியானத்தை அவர் விடவில்லை. மாத்திரையையும் இப்போது விடுவதில்லை. அன்றிலிருந்து, "தியானம் செய்கிறேன்" என்று எவர் கூறினாலும், "மாத்திரை?" என்பதே என் அடுத்த கேள்வி.

உயர் இரத்த அழுத்தத்துக்குப் பெரும்பாலும் அறிகுறி இல்லை. மனம் அமைதியாக இருக்கும்போதும் இரத்தக் குழாயில் அழுத்தம் உயர்ந்திருக்கலாம். கருவியால் அளந்தால்தான் தெரியும். நீரிழிவுக்கும் இதுவே பொருந்தும். தொடர்ந்து அளந்து பார்க்கையில் அழுத்தம் குறைந்திருந்தால், மாத்திரையின் அளவைக் குறைப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

உறக்க மாத்திரையைப் பொறுத்தவரை வேறோர் எச்சரிக்கை. அல்பிரசோலம், டயசிபாம் போன்ற மாத்திரைகள் முதியோருக்கு நடையில் தள்ளாட்டம், குழப்பம், கீழே விழுதல், இடுப்பெலும்பு முறிவு ஆகிய ஆபத்துகளை மிகுவிக்கின்றன. மருத்துவரின் சீட்டு இல்லாமல் இவற்றை வாங்கி உட்கொள்ளாதீர்கள். அதேவேளை, நெடுநாள் உட்கொண்டு வருபவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும்கூட வரலாம். மருத்துவரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்; அக்குறைப்புக் காலத்தில் தியானம் நல்ல துணையாகும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

• இதய நோய், ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் மூச்சை அடக்கும் பயிற்சியையும் வேகமாக மூச்சு விடும் பயிற்சியையும் தவிர்க்க வேண்டும்.

• கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழாக நிற்கும் ஆசனங்களைச் செய்யக் கூடாது. கண்ணின் அழுத்தம் உயரும்.

• எழும்போது தலைசுற்றல் உள்ளவர்கள் தியானத்துக்குப் பின் எழுவதில் கூடுதல் நிதானம் காட்ட வேண்டும்.

• இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுத்துக்கொண்டு உணவு உண்ணாமல் தியானத்தில் அமரக் கூடாது. படபடப்பு, வியர்வை, நடுக்கம் தோன்றினால் உடனே சர்க்கரையோ வெல்லமோ உண்ண வேண்டும்.

• இல்லாத குரல் கேட்பது, காரணமற்ற பயம் போன்ற மனநோய் அறிகுறிகள் முன்பு இருந்தவர்கள் மனநல மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்க வேண்டும். வாழ்வில் பெரும் இழப்பைக் கண்டவர்களுக்குக் கண்ணை மூடியவுடன் அந்நினைவுகள் பெருகி வரலாம். அவ்வாறு நேர்ந்தால் கண்ணைத் திறந்து நிறுத்திவிடுங்கள். அது தோல்வி ஆகாது. ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

உடனே உதவி நாட வேண்டிய அறிகுறிகள்

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். சிறிது நேரம் பார்ப்போம் என்று காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை முதல் நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும்; ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது. நெஞ்சுவலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் இதுவே வழி.

இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமின்மை, பசியின்மை, காரணமற்ற அழுகை, விடியலுக்கு வெகு முன்பே விழித்துக் கலங்குதல் ஆகியன இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். முதுமையில் இது இயல்பு என்று விட்டுவிடாதீர்கள். மருந்தாலும் ஆலோசனையாலும் குணமாகும். "இனி இருந்து என்ன பயன்" என்று ஒரு முதியவர் சொன்னால், அதை வெறும் புலம்பலாகக் கொள்ளாமல் அன்றே மருத்துவ உதவி பெறுங்கள்.

உதவி கிடைக்கும் இடங்கள்

தமிழ்நாட்டின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தம், நீரிழிவுக்கான மருந்துகள் இத்திட்டத்தின்கீழ் இல்லம் தேடி வருகின்றன. இயன்முறை மருத்துவமும் வலிதணிப்புச் சிகிச்சையும் இதில் அடங்கும். களப்பணியாளர் வீட்டுக்கு வரும்போது, நீங்கள் தியானம் செய்வதையும், ஏதேனும் மாத்திரையை நிறுத்தியிருந்தால் அதையும் மறைக்காமல் கூறுங்கள். அழுத்தத்தை அளக்கச் சொல்லி, அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவு இயங்குகிறது. தியானத்தை நேரில் கற்க அங்கே செல்லலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மனநல ஆலோசனையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கும். நேரில் வர இயலாதோர் 14416 என்னும் டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் மனநல ஆலோசகரோடு தமிழில் பேசலாம். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. கைவிடப்படுதல், கொடுமை, ஓய்வூதியம், சட்ட உதவி தொடர்பாக இதில் வழிகாட்டுதல் பெறலாம்.

குடும்பத்தாருக்கு

தியானம் செய்யச் சொல்லித் தாயையும் தந்தையையும் தனியே ஓர் அறையில் அமர்த்திவிட்டால் தனிமை நீங்காது. வாரத்தில் சில நாளாவது அவர்களோடு நீங்களும் பத்து நிமிடம் அமருங்கள். வேலை முடிந்து களைத்து வரும் உங்களுக்கும் அது நன்மை தரும். பணி ஓய்வு பெற்ற நண்பர்கள் நான்கைந்து பேர் பூங்காவிலோ கோயில் மண்டபத்திலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ குடியிருப்பின் பொது அறையிலோ கூடிச் செய்யலாம். ஒரே ஷிஃப்டில் சேர்ந்து உழைத்தவர்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து அமர்வது கடினமன்று. ஒருவர் வராத நாளில் மற்றவர் வீடு தேடிச் சென்று விசாரிப்பர். அந்த விசாரிப்பும் ஒரு மருந்தே.

ஐக்கிய நாடுகள் அவை 2024-இல், டிசம்பர் 21-ஆம் நாளை உலகத் தியான நாளாக அறிவித்தது. நீங்கள் அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலை, மாத்திரையை உரிய நேரத்தில் உட்கொண்டு, உறுதியான ஒரு நாற்காலியில் ஐந்து நிமிடம் அமர்ந்து மூச்சை எண்ணத் தொடங்குங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துவாருங்கள். உங்கள் உறக்கம் எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.